வினையூக்கி மாட்டியும் மீத்தேன் குறையவில்லையா? உங்கள் அனுபவம் என்ன?

கேஸ்என்ஜின்காரன்:
கேஸ் என்ஜினில் மின்சாரம் எடுக்கும் ஆலையில் பராமரிப்பு வேலை எனக்கு. புகையில் எரியாமல் மிஞ்சும் வாயுக்களை எரிய வைக்க, புகைக்குழாயில் பல்லேடியம் என்ற உலோகம் பூசிய வினையூக்கி மாட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட பூஜ்யம், எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாள் கழித்து, என்ஜினில் எரியாமல் தப்பி வரும் எரிவாயுவான மீத்தேனைத் தனியாக அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வினையூக்கிக்குள் போனதில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது.

கார்பன் மோனாக்சைடு 200 டிகிரி வாக்கிலேயே எரிந்துவிடும். மீத்தேன் 400 டிகிரியிலும் முரண்டு பிடிக்கும். அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு அத்தனை கெட்டி.

இதைத் தெரிந்துகொள்ள முதலில் தெர்மோகப்பிளே (வெப்பநிலை அளக்கும் கம்பி) போதும். 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) மீத்தேன் முழுக்க எரிந்தால், வினையூக்கியைத் தாண்டும் புகை 35–40 டிகிரி சூடேறியிருக்க வேண்டும். எங்களிடம் ஏறியது நாலைந்து டிகிரி. அதுவும் கார்பன் மோனாக்சைடு எரிந்த சூடு!

காரணம் கந்தகம். கசிவு தெரிய கேஸில் கலக்கும் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளிலும் உண்டு, என்ஜின் ஆயிலிலும் உண்டு. புகையில் 1 பிபிஎம் இருந்தாலே பல்லேடியம் மெல்ல மெல்லப் படுத்துவிடும். நீராவியும் வேகத்தைக் குறைக்கும்தான். ஆனால் அது விலகினால் ஓரளவு மீண்டுவிடும். கந்தகம் லேசில் விடாது. சப்ளையர் வந்து பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணு மாட்டிடுங்க சார்" என்றார். கந்தகத்தை நிறுத்தாமல் புதுசு மாட்டினால் அதுக்கும் இதே கதிதானே?

சுரங்கக்காற்று:
எங்கள் பாடு வேறு அண்ணா. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் காற்றில் மீத்தேன் 1 சதவீதம்கூட இருக்காது. 5 சதவீதத்துக்குக் கீழே நெருப்பு வைத்தாலும் பற்றாது. அதனால் காற்றின் திசையை மாற்றி மாற்றி விட்டு, எரிந்த சூட்டை, காற்று புகுந்து போகும் சூடு தாங்கும் கற்களின் படுகைக்குள்ளேயே தேக்கி வைப்போம். வினையூக்கி இல்லையென்றால் 1,000 டிகிரி பக்கம் போக வேண்டும். வெட்டு வேலை நின்ற நாட்களில் மீத்தேன் குறைந்துவிடும், படுகையும் ஆறிவிடும். திரும்பச் சூடேற்ற நாமே எரிபொருள் செலவழிக்கணும். தூசி அடைப்பது தனிக் கதை.

புதுசு:
எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடுதானே வருது? என்ன லாபம்?

கேஸ்என்ஜின்காரன்:
1 டன் மீத்தேன் எரிந்தால் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு வரும், சரிதான். எரியாமல் விட்டால் அதே 1 டன், பூமியைச் சூடாக்குவதில் 100 ஆண்டுக் கணக்கில் கிட்டத்தட்ட 30 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கென்றால் 80-ஐத் தாண்டும்.

சுரங்கக்காற்று தம்பி, தூசியைத் தடுக்கப் படுகைக்கு முன்னால் ஃபில்டர் வைத்தீர்களா? அழுத்த இழப்பு எவ்வளவு கூடியது?