தாத்தாவின் கணினியை முழுமையாக நகலெடுப்பது பற்றி எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

[காலை 9:12] செந்தூல் அத்தை:
அனைவருக்கும் காலை வணக்கம். அப்பாவின் மேசைக் கணினி சில நாள்களாக மிகவும் மெதுவாக இயங்குகிறது. கடையில் காட்டினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தி, விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம், அதற்கு முன் படங்களையும் கட்டுரைகளையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். தம்பி, அது போதுமா என்று பார்த்துச் சொல்லப்பா.

[காலை 9:31] நான்:
வணக்கம் அத்தை. தாத்தாவின் கணினிக்கு அது போதாது. நான் சொல்லும்வரை கணினியைக் கடையில் விட வேண்டாம்.

தாத்தாவின் பழைய கட்டுரைகள் பெரும்பாலும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னர் தட்டெழுதப்பட்டவை. அப்போது அவர் முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டெழுத்து மென்பொருளின் பழைய பதிப்பையும் அதனுடன் வந்த எழுத்துருக்களையும் பயன்படுத்தினார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள்தான் வரிசையாகத் தெரியும். கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்தால் எழுத்துருக்களும், விசைப்பலகை மென்பொருளும், அவர் தமக்கேற்ப அமைத்துக்கொண்ட அமைப்புகளும் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். அவற்றை மறுபடியும் நிறுவுவதற்கான குறுந்தட்டுகள் இப்போது வீட்டில் இல்லை.

ஆகவே முழு டிஸ்க்கையும், அதாவது கணினி தொடங்குவதற்கான பகுதி, விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் அனைத்தையும் சேர்த்து, இமேஜ் எனப்படும் ஒரே முழு நகலாக எடுத்து வைக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது துணிமணிகளை மட்டும் எடுத்துக்கொள்வதற்கும், சமையலறை அலமாரியில் எந்த டப்பா எங்கே இருந்ததோ அப்படியே வீட்டைப் பெயர்த்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

[காலை 9:40] பினாங்கு சித்தப்பா:
நல்ல விளக்கம். ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள். கோப்புகளை கூகுள் டிரைவில் ஏற்றி வைத்தால் ஆகாதா? மேலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், அந்தப் பழைய அமைப்பை அப்படியே மீட்டெடுப்பதில் என்ன பயன்?

[காலை 9:58] நான்:
சித்தப்பா, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை நாம் சுட்டும் கோப்புறைகளை மட்டுமே பார்த்துக்கொள்கின்றன. டிஸ்க் பழுதானால் கணினியை எழுப்பித் தரும் வேலையை அவை செய்வதில்லை. கணினியில் ஒரு கோப்பு தவறுதலாக அழிந்தால், ஒத்திசைவின் வழியே இணையச் சேமிப்பிலும் அது அழிந்துவிடும். குறித்த காலத்திற்குள் குப்பைத் தொட்டியில் தேடி எடுக்கலாம் என்றாலும், தாத்தா அதைக் கவனிப்பார் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது ஐயம் நியாயமானது. இமேஜ் கையில் இருந்தால் விண்டோஸ் 11க்கு மாற்றிப் பார்க்கும் துணிவு நமக்கு வரும். மாற்றம் சரிப்படாவிட்டால் முந்தைய நிலைக்கே திரும்பிவிடலாம். அந்தப் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காது என்றால், இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கட்டுரை எழுதுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்குகளை அதில் திறக்கக் கூடாது.

[காலை 10:05] தங்கை:
அண்ணா, மதியம் நான் புக்கிட் பிந்தாங் பக்கம் செல்கிறேன். லோயாட் பிளாசாவில் என்ன வாங்க வேண்டும் என்று சொல். ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி என்று அத்தை சொன்னார். 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மலிவாக விற்கிறது.

[காலை 10:11] நான்:
480 ஜிபி வேண்டாம். 500 ஜிபி டிஸ்க்கின் இமேஜை அதைவிடச் சிறிய டிஸ்க்கில் இறக்க, நாம் இமேஜ் எடுக்கப் பயன்படுத்தப்போகும் குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருள் வழக்கமாக ஒப்புக்கொள்ளாது. உள்ளே பாதி இடம் காலியாக இருந்தாலும் அது பார்ப்பது டிஸ்க்கின் மொத்த அளவைத்தான். பிரிவுகளை முன்கூட்டியே சுருக்கி அதைச் செய்ய முடியும் என்றாலும், பழைய டிஸ்க்கில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்பது என் கருத்து. ஆகவே 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றும், இமேஜை வைப்பதற்கு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டும், சிறிய பென்டிரைவ் ஒன்றும் வாங்கிவிடு. வெளி டிஸ்க்குகள் யுஎஸ்பி 3 வகையாக இருக்கட்டும்.

[காலை 10:14] செந்தூல் அத்தை:
வெளி டிஸ்க் எதற்கு இரண்டு?

[காலை 10:22] நான்:
ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று பினாங்கில் சித்தப்பாவிடம் இருக்க வேண்டும், அத்தை. நம் ஊரில் இடி மின்னல் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்; சுவரில் செருகியிருக்கும் அனைத்தையும் ஒரே அடியில் பழுதாக்கிவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை வீடுகளின் தரைத்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது என்பதையும் பார்த்தோம். கணினியும் அதன் நகலும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இமேஜ் எடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைப்பதும் முக்கியம். 2017 மே மாதத்தில் உலகம் முழுவதும் பரவிய வானாகிரை போன்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்கள், இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே பூட்டிவிடும்.

[காலை 10:30] பினாங்கு சித்தப்பா:
என்னிடம் தாராளமாகக் கொடுங்கள், அக்கா. இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கிறேன். தம்பி, செய்முறையையும் இங்கேயே எழுதிவிடு; நானும் என் கணினிக்குச் செய்துகொள்கிறேன்.

[காலை 10:58] நான்:
எழுதுகிறேன், சித்தப்பா. முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை நிறம் காட்டினாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வந்தாலோ, வேறு எதையும் செய்து பார்க்காமல் கணினியை அணைத்துவிட்டு என்னை அழையுங்கள். பழுதான டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதுதான் பல குடும்பங்களின் படங்களை அழித்திருக்கிறது.

நலமாக இருந்தால், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து முழுமையாக அணைக்க வேண்டும். வழக்கம்போல் அணைத்தால் விண்டோஸ் விரைவாகத் தொடங்குவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து அரைத்தூக்கத்தில் இருக்கும்; அந்த நிலையில் உள்ள டிஸ்க்கைப் படிக்க குளோன்சில்லா தயங்கும். பிறகு குளோன்சில்லா உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, சேவ்டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, வெளி டிஸ்க்கில் இமேஜைச் சேமிக்க வேண்டும். எடுத்த இமேஜைச் சரிபார்க்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். தரவு உள்ள இடங்களை மட்டுமே அது படிக்கும் என்பதால், 200 ஜிபி நிறைந்திருந்தால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும்.

மீட்கும்போது தேர்ந்தெடுப்பது ரெஸ்டோர்டிஸ்க். எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று அது கேட்கும் இடத்தில் நிதானம் வேண்டும். டிஸ்க்குகளுக்கு அது காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாமல், டிஸ்க்கின் தயாரிப்புப் பெயரையும் அளவையும் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் மீட்பதற்கு முன் பழைய டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடச் சொல்கிறேன். ஒரே அடையாளம் கொண்ட இரு டிஸ்க்குகள் சேர்ந்திருந்தால் விண்டோஸும் குழம்பும்.

சித்தப்பா, உங்கள் மடிக்கணினி புதியது, டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் வசதி இயங்கிக்கொண்டிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்த பிறகே எதையும் தொடங்குங்கள்.

[காலை 11:20] தாத்தா:
பேரப்பிள்ளை, அனைத்தையும் படித்தேன். நகல் சரியாக வந்திருக்கிறது என்று எப்படி உறுதி செய்வீர்கள்? குளோன்சில்லா ஆம் என்று சொன்னால் போதுமா?

[காலை 11:27] நான்:
போதாது, தாத்தா. இமேஜைப் புதிய எஸ்எஸ்டியில் இறக்கி, அதிலிருந்து கணினி தொடங்கி, நீங்களே அமர்ந்து உங்கள் கட்டுரைகளைத் திறந்து படித்த பிறகுதான் நகல் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன். அதுவரை பழைய டிஸ்க்கை யாரும் அழிக்கக் கூடாது. கடைக்காரரிடமும் கொடுக்கக் கூடாது.

[காலை 11:35] தாத்தா:
அப்படியானால் பள்ளி மலருக்கு எழுதிய கட்டுரை, உங்கள் பாட்டியின் நினைவுக் குறிப்பு, சங்கத்தின் கணக்கு அட்டவணை ஆகிய மூன்றையும் திறந்து பார்ப்போம். அட்டவணை மிகப் பழைய மென்பொருளில் உள்ளது. அது திறந்தால் மற்றவையும் திறக்கும்.

[காலை 11:38] செந்தூல் அத்தை:
கடைக்குத் தொலைபேசி செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை காலை பசியாறலுக்கு வந்துவிடு, தம்பி. எஸ்எஸ்டியை நம் வீட்டிலேயே பொருத்திவிடலாம்.