மேட்டூர் நிலவரம் வாசித்த விடுமுறை

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். போன கோடை விடுமுறையில், ஆறாவது முடித்த என் மகனுக்குப் பள்ளியில் ஐந்து ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் படித்து ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். மே பாதி போயும் முதல் புத்தகத்தில் 12-ஆம் பக்கம் தாண்டவில்லை. தினமும் திட்டினேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்போதுதான் என் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். புதுக் கண்ணாடி வரும்வரை பேப்பர் எழுத்து தெரியாது. "தம்பி, மேட்டூர் என்ன போட்டிருக்கான், வாசி" என்று பேரனைக் கூப்பிடுவார். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று அவன் வாசிப்பான். நாலாம் நாள் கேட்டான்: "கன அடின்னா என்ன தாத்தா?" அப்பா அவனை வாய்க்கால் மதகுக்கே கூட்டிப்போய், ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று கையால் அளந்து காட்டினார். ஒரு டி.எம்.சி. என்றால் அப்படி 100 கோடி.

அன்று இரவு அவனே கணக்குப் போட்டான். வினாடிக்கு 10,000 கன அடி திறந்தாலும் ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. ஆகாது. அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி.; அது எத்தனை நாள் வரும், வரத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேள்வி மேல் கேள்வி. குறுவை நெல்லுக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 என்றால் தாத்தா ஏன் அப்படிப் பரபரக்கிறார் என்பதும் அவனுக்குப் புரிந்தது.

ஊர்ப்புற நூலகத்துக்கு அழைத்துப் போனேன். நூலகர் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கல்லணையைப் பற்றிய ஒரு சின்னத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது. அந்த விதிகள் புத்தகமாக வந்த அதே 1931-இல்தான் மன்னார்குடி பக்கத்து மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போயின. எங்கள் மண்ணுக்கு இது புதிதல்ல. கல்லணைப் புத்தகத்தை அவன் இரண்டே நாளில் முடித்தான்.

பள்ளிப் பட்டியலில் இரண்டைத்தான் படித்தான். மீதி மூன்று பக்கத்தில் மேட்டூர் கணக்கைத் தமிழில் எழுதிக் கொண்டுபோனான். எனக்குப் பயம்தான். ஆசிரியை திருத்திய நோட்டில் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில், "இந்த வருஷம் உங்கள் தாத்தா குறுவை போட்டாரா?" என்று கேட்டிருந்தார். அவன் அதற்குப் பதில் எழுத இன்னும் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டான்.