இது உமக்குச் சம்பவிப்பதில்லை

இங்கே பலர் சுகம் பெற்ற சாட்சிகளைப் பகிர்ந்திருக்கிறீர்கள். அவற்றுக்காக ஆண்டவரைத் துதிக்கிறேன். என்னுடையது சுகம் கிடைக்காத ஒரு வீட்டின் சாட்சி.

நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வசிக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்ததால், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நடக்கிறது. கையில் இரண்டு ஊசிகளையும் ஏற்றும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். "நான் போன பிறகு" என்று அம்மா பேச்செடுத்தாலே, "அப்படிச் சொல்லாதீங்கம்மா, ஆண்டவர் கைவிட மாட்டார்" என்று மறித்துவிடுவேன். அதை விசுவாசம் என்றே எண்ணியிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு மாலை, ஊசி ஏறியிருந்த கையை அசைக்காமல் படுத்திருந்த அம்மா, மத்தேயு 16ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். ஞாயிறு பள்ளியில் நான் பலமுறை நடத்திய பகுதி அது. தாம் பாடுபட்டுக் கொலையுண்ணப்போவதாக ஆண்டவர் சொன்னதும், சீடனான பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், "இது உமக்குச் சம்பவிப்பதில்லை" என்று கடிந்துகொள்ளும் இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்கள். "ஏட்டி, நீயும் இதைத்தானே தெனமும் சொல்லுத?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேதுருவின் சொல்லில் பகை ஏதுமில்லை, பாசமே இருந்தது. 'நீர் கிறிஸ்து' என்று சற்று முன் அறிக்கையிட்டவனும் அவன்தான். ஆனால் ரோமரின் ஆட்சியில் தாவீதின் குமாரனாக வந்து மீட்கும் ராஜாவை எதிர்பார்த்திருந்த ஒரு யூதனுக்கு, மூப்பர்களாலும் பிரதான ஆசாரியராலும் பாடுபட்டுக் கொலையுண்ணும் கிறிஸ்துவை ஏற்க மனம் இடங்கொடுக்கவில்லை. 18ஆம் வசனத்தில் சபைக்கு அஸ்திபாரக் கல்லாகச் சொல்லப்பட்டவன், 23ஆம் வசனத்தில் இடறலாகிவிடுகிறான். அன்றிரவு, பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53ஐ எடுத்தேன். "அவரைவிட்டு, நம்முடைய முகங்களை மறைத்துக்கொண்டோம்" என்ற வரி வந்தபோது அந்தச் சன்னல்தான் நினைவுக்கு வந்தது.

சுகத்துக்காக ஜெபிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தாம் படவிருந்த பாடுகளாகிய பாத்திரம் நீங்கும்படி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே கேட்டார். ஆனாலும் என் ஜெபம் மாறியது. "இவர்களைப் பாடுபடவிடாதேயும்" என்பதோடு முடித்துக்கொண்டிருந்தவள், "இவர்கள் படும் பாட்டில் நீர் இருப்பதைக் காண எனக்குக் கண்களைத் தாரும்" என்றும் கேட்கத் தொடங்கினேன்.

அம்மா அதை என்னைவிட எளிதாகவே கண்டுகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தண்ணீர் அளந்துதான் தரவேண்டும். வெயில் காலத்தில் அந்தத் தாகம் பெரும் கொடுமை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதான "தாகமாயிருக்கிறேன்" என்பதைப் பற்றி, "அவருக்கும் நாக்கு ஒட்டிக்கிட்டுதான இருந்திருக்கும்" என்று ஒருநாள் சொன்னார்கள். ஜெபத்தில்கூட நான் ஆண்டவரோடு அவ்வளவு நெருங்கிப் பேசியதில்லை.

அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனைக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். கைப்பையில் சிறிய பிளாஸ்க்கில் பனிக்கட்டித் துண்டுகள் இருந்தன. "தாகமாயிருக்கிறேன்" என்று ஆயர் வாசித்தபோது ஒரு துண்டை அம்மாவின் வாயில் வைத்தேன். அது கரையும்வரை அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.