இருட்டில் எடுத்த வீடியோவில் கிரெயின்ஸ்: உங்கள் அனுபவம்?

செஞ்சிக்காரன்:
விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா. கர்ண மோட்சம் கூத்து. ராத்திரி ரெண்டரை மணிக்குக் கர்ணனை வழிமறித்து அவன் மனைவி பொன்னுருவி அழும் இடம். வெளிச்சம் என்று பார்த்தால் ஒரே ஒரு டியூப்லைட். கேமராவோடு வந்த கிட் லென்ஸில் ஜூம் செய்ததும் லென்ஸ் திறப்பு எஃப்5.6 ஆகச் சுருங்கிவிட்டது, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 12800 வரை ஏற்றினேன். கேமராத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டில் கணினியில் போட்டால் கறுப்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி கிரெயின்ஸ்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாப்ட்வேரில், இந்தக் கிரெயின்ஸை, அதாவது நாய்ஸைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தாராளமாக ஏற்றினேன். எறும்பெல்லாம் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, கர்ணன் வேஷம் கட்டிய பெரியவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, என் புள்ளியெல்லாம் எங்க?" என்றார். புருவத்திலிருந்து கன்னம் வரை அவர் குச்சியால் ஒவ்வொன்றாக வைத்திருந்த வெள்ளைப் புள்ளிகள்! அதையும் நாய்ஸ் என்று துடைத்திருக்கிறது. மார்பதக்கத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லுகள் மெழுகாகியிருந்தன. அந்த வீடியோவை அதன்பிறகு யாருக்கும் காட்டவில்லை.

முகூர்த்தம்:
சாப்ட்வேர் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? எஃப்5.6-இல் எடுத்ததுதான் தப்பு. திறப்பு பெரிய எஃப்1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். நாய்ஸ் வருவது வெளிச்சம் போதாததால். ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என் கதை. விடியற்காலை முகூர்த்தம், கரண்ட் போய்விட்டது, குத்துவிளக்கு மட்டும்தான். பயந்துபோய் ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டவில்லை, எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏற்றியபோது இருட்டெல்லாம் ஊதா நிறமாகிவிட்டது. தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பாவுக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது. இருட்டாக எடுத்துவிட்டுத் தூக்குவதைவிட, ஐஎஸ்ஓவை ஏற்றிச் சரியான வெளிச்சத்தில் எடுப்பது எவ்வளவோ மேல்.

பொன்னி:
ஜூம் இல்லாத 50 எம்எம் எஃப்1.8 லென்ஸைப் போட்டுக்கொண்டு கூத்துக் களத்துக்குள்ளேயே போய் நிற்க முடியுமா சார்? அவர் இடத்திலிருந்து பாருங்கள்.
நான் எடுத்தது போனில். கரண்ட் இல்லாத ராத்திரி, சிம்னி விளக்கின் பக்கத்தில் அப்பாயி கதை சொன்னார். முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று 2எக்ஸ் அமுக்கினேன். இருட்டில் பல போன்கள் தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸை விட்டுவிட்டு முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கும், அப்போது எனக்குத் தெரியாது. ரெண்டு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். அப்பாயி இப்போது இல்லை.

டைம்லைன்:
எனக்கும் ஒரு தேர்த் திருவிழா வீடியோ இப்படிப் பாழானது, அதை விடுங்கள். செஞ்சிக்காரரே, அசல் ஃபைல் இருக்கிறதா? இருந்தால் புள்ளிகளை மீட்கலாம். நாய்ஸைக் குறைப்பதில் ஸ்பேஷியல், டெம்பொரல் என்று ரெண்டு வகை. நீங்கள் ஸ்பேஷியலை ஏற்றியிருப்பீர்கள். அது ஒரே பிரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துவிடும், சின்னச் சின்ன விவரங்கள்தான் முதலில் போகும். டெம்பொரல் அப்படியில்லை, முன்னும் பின்னும் உள்ள பிரேம்களை ஒப்பிடும். நாய்ஸ் பிரேமுக்குப் பிரேம் மாறும், முகத்தில் வைத்த புள்ளி மாறாது. 4 பிரேம்களின் சராசரி எடுத்தாலே நாய்ஸ் பாதியாகும். ஸ்பேஷியலைப் பூஜ்யத்தில் வையுங்கள். டெம்பொரலை முதலில் கொஞ்சமாக வைத்துப் பாருங்கள், ஆட்டம் வேகமெடுத்தால் கை கால்களுக்குப் பின்னால் நிழல்போல ஒரு தடம் விழும், அந்த ஷாட்டில் மட்டும் குறையுங்கள். கறுப்பை லேசாக அமுக்கினால் பாதி எறும்பு கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/50 நொடியில் இருக்கட்டும், 1/60 வைத்தால் படம் மினுங்கும்.

செஞ்சிக்காரன்:
அசல் இருந்தது. நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். சுழன்று ஆடும் இடத்தில் தடம் விழுந்தது, அங்கே மட்டும் டெம்பொரலையும் எடுத்துவிட்டேன். அங்கே கிரெயின்ஸ் இருக்கிறது, இருக்கட்டும். பொன்னுருவி காலில் விழும்போது பெரியவர் ஒரு கணம் அசையாமல் நிற்பார். அங்கே நிறுத்தி இடது கன்னத்தை எண்ணினேன். 11 புள்ளி. ஞாயிற்றுக்கிழமை பெரியவரைப் பார்க்கப் போகிறேன்.