வாட்டர்கலர்: கட்டம் போட்ட துணியில் நிழல் விட்டால் சிவப்பு கரையுது, உதவி தேவை

கேள்வி:
மேசை விளிம்பில் மடிந்து தொங்கும் சிவப்பு வெள்ளைக் கட்டத் துணி. தாள் 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் (லேசாகச் சொரசொரப்பான தடித்த தாள்), சாயம் காட்மியம் ரெட். கட்டம் முழுக்கப் போட்டுக் காயவிட்டு, மேலே அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து நிழல் விட்டேன். சிவப்பு கரைந்து வெள்ளைக் கட்டமெல்லாம் அழுக்கு ரோஸ் ஆயிடுச்சு. துணியும் மடிந்த மாதிரி இல்லை, வால்பேப்பர் ஒட்டின மாதிரி இருக்கு.

பதில் 1:
வாட்டர்கலரில் இருக்கும் கோந்து காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். காட்மியம் தாளின் மேலாகவே உட்காரும் சாயம், சீக்கிரம் கிளம்பிடும். வரிசையை மாத்துங்க. துணி வெறும் வெள்ளை என்று நினைத்து முதலில் மடிப்பு நிழல் மட்டும் போடுங்க. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்க, சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். நன்றாகக் காய்ந்ததும் கட்டம். சிவப்புக்கு குவினாக்ரிடோன் எடுங்க, அது அடியில் இருப்பதைக் காட்டும் சாயம். காட்மியம் அடியில் இருக்கும் நிழலை மறைத்துவிடும்.

நெடுக்குப் பட்டைகளை வெளிறிய வாஷில் (நிறைய தண்ணீர் கலந்த சாயத்தில்) போட்டுக் காயவிட்டு, அதே வாஷில் குறுக்குப் பட்டை. ரெண்டும் வெட்டும் சதுரம் தானாகவே அடர்த்தியாகும். ஒரு பட்டைக்கு ஒரே இழுப்பு. திரும்பப் போய்த் தேய்த்தால் பழைய கதைதான்.

பதில் 2:
வால்பேப்பர் பிரச்சினை பென்சிலிலேயே ஆரம்பிக்குது. மடிப்பின் ஓரத்தில் கோடு நிற்கணும். அந்தப் பக்கம் அது வேறு இடத்தில்தான் தொடங்கும், ஏன்னா நடுவில் ஒண்ணு ரெண்டு கட்டம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். நேராக இழுத்துச் சேர்த்தால் துணி தட்டையாயிடும். 2 செ.மீ. அகலக் கட்டம் திரும்பும் இடத்தில் அரை செ.மீ. வரை ஒடுங்கலாம், உயரம் குறையாது.

கேட்டவர்:
இப்ப இருக்கிற படத்தைத் தேத்த முடியுமா?

பதில் 1:
காட்மியம் என்பதால் ஓரளவு முடியும். சின்ன தட்டை பிரஷை நனைத்துப் பிழிந்து, வெள்ளைக் கட்டத்தை மட்டும் ரெண்டு தடவை தடவி, உடனே டிஷ்யூவால் ஒற்றுங்க. துடைக்காதீங்க. நிழலுக்குள் இருக்கும் வெள்ளையைச் சுத்த வெள்ளையாக்க வேண்டாம், அங்கே அது சாம்பல் நீலம்தான். மீதிக் கறைக்கு வெள்ளை குவாஷில் (அடியில் இருப்பதை மறைக்கும் வாட்டர்கலர்) அந்த நிழல் நிறத்தைக் கொஞ்சம் கலந்து வைங்க. வெறும் வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி துருத்திக்கிட்டு நிற்கும்.