ஜேடேபிளில் செல் எடிட் ஆகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மின்மினி: ஜாவா ஸ்விங் ஜேடேபிள் (திரையில் அட்டவணை காட்டும் பாகம்). செல்லில் எண்ணைத் தட்டிவிட்டு என்டர் அழுத்தாமல் நேராக சேவ் பட்டனைக் கிளிக் செய்தால் பழைய மதிப்புதான் சேவ் ஆகிறது. எடிட் தொடங்கியதுமே விண்டோ தலைப்பில் நட்சத்திரக் குறியும் காட்ட வேண்டும். டேபிள்மாடல்லிசனர் (டேபிளின் தரவை வைத்திருக்கும் மாடலில் மாற்றம் வந்தால் சொல்வது) போட்டேன். தட்டும்போது அது வாயே திறப்பதில்லை.

ஆலமரம்: திறக்கவும் கூடாது. மதிப்பு மாறியதா என்பது மட்டுமே மாடலின் கவலை. டேபிளில் ‘டெர்மினேட்எடிட்ஆன்ஃபோகஸ்லாஸ்ட்’ என்ற கிளையன்ட் பிராப்பர்ட்டியை (டேபிளில் நாம் வைக்கும் ஒரு அமைப்பு) ட்ரூ ஆக்குங்கள். ஃபோகஸ் (கீபோர்டு உள்ளீட்டை வாங்கும் உரிமை) பட்டனுக்குப் போனதும் எடிட் தானாக முடிந்துவிடும். ஒரே வரி.

வெட்டுக்கிளி: கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் ஃபோகஸ் எங்கே நகர்கிறது? ஃபோகஸ் வாங்காத டூல்பார் பட்டனிலும் இதே கதைதான். அதைவிட மோசம், எண் கேட்கும் செல்லில் ‘12அ’ என்று தட்டிவிட்டு வெளியே போனால் எடிட்டை ஏற்று முடிக்கும் ஸ்டாப்செல்எடிட்டிங் ஃபால்ஸ் தரும், உடனே அதைக் கைவிடும் கேன்சல்செல்எடிட்டிங் ஓடும். தட்டியது சத்தமில்லாமல் போய்விடும்.

ஆலமரம்: சரி, அப்படியானால் சேவ் செய்யும் இடத்தில் ஈஸ்எடிட்டிங் (எடிட் நடக்கிறதா என்று சொல்வது) பார்த்து ஸ்டாப்செல்எடிட்டிங்கை நீங்களே கூப்பிடுங்கள். ஃபால்ஸ் வந்தால் சேவ் செய்யாதீர்கள். இதற்கு எடிட் எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டியதில்லையே?

மின்மினி: சேவுக்குச் சரி. நட்சத்திரத்துக்கு? எடிட்டரில் ஃபோகஸ்லிசனர் போடலாமா?

வெட்டுக்கிளி: வேண்டாம். செல்லைத் தேர்ந்தெடுத்து அப்படியே தட்டத் தொடங்கினால் எழுத்து எடிட்டருக்குப் போகும், ஆனால் ஃபோகஸ் டேபிளிடமே இருக்கும் (செட்சரண்டர்ஸ்ஃபோகஸ்ஆன்கீஸ்ட்ரோக் ட்ரூ என்றால்தான் மாறும்). டேபிளில் பிராப்பர்ட்டிசேஞ்ச்லிசனர் போட்டு ‘டேபிள்செல்எடிட்டர்’ பிராப்பர்ட்டியைக் கவனியுங்கள். அதன் புது மதிப்பு நல் (null, எதுவும் இல்லை) என்றால் எடிட் முடிந்தது, இல்லையென்றால் தொடங்கியது. தொடக்க ஈவென்ட் வரும் கணத்தில் எடிட்டிங்ரோ (எடிட் ஆகும் வரிசையின் எண்) இன்னும் செட் ஆகியிருக்காது, அதனால் இன்வோக்லேட்டருக்குள் (நடக்கும் வேலை முடிந்தபின் ஓட வைப்பது) வைத்துப் படியுங்கள். இதைத் தவறவிட்டுத்தான் பலர் மைனஸ் 1 வருகிறது என்று புலம்புகிறார்கள்.

ஆலமரம்: சும்மா செல்லைத் திறந்து எஸ்கேப் அடித்தாலும் நட்சத்திரம் வருமே?

வெட்டுக்கிளி: மாடலைக் கவனிக்கும் வழி மட்டும்? டிஃபால்ட்டேபிள்மாடல் பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தாலும் டேபிள்சேஞ்ச்ட் என்ற மாற்ற அறிவிப்பை அனுப்பும். ஒப்பிடுவது எப்படியும் நம் தலையில்தான். தொடக்கத்தில் பழைய மதிப்பை எடுத்துவைத்து, முடிந்ததும் ஒப்பிட்டு, மாறவில்லையென்றால் நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். மதிப்பை மாடலில் எழுதும் செட்வேல்யூஅட் ஓடிய பிறகுதான் எடிட்டர் நல் ஆகும், ஆகவே புது மதிப்பு மாடலில் தயாராக இருக்கும்.

ஆலமரம்: அந்த ஒப்பீட்டை மாடலின் செட்வேல்யூஅட்டிலேயே எழுதலாமே. நிரல் மாற்றும் மதிப்பும் பிடிபடும்.

வெட்டுக்கிளி: அது பிடிபடக் கூடாது என்பதுதான் என் கட்சி. பயனர் கை வைக்காமல் நட்சத்திரம் எதற்கு?

மின்மினி: எனக்கு சர்வரிலிருந்து அடிக்கடி அப்டேட் வரும், அதனால் வெட்டுக்கிளி சொன்ன லிசனர். சேவுக்கு ஆலமரம் சொன்னது. எடிட் நடக்கும்போது மேலே உள்ள வரிசை ஒன்று நீக்கப்பட்டால்?

ஆலமரம்: சார்ட்டர் (வரிசைகளை அடுக்கிக் காட்டுவது) இல்லாத டேபிளில் எடிட்டர் மூடாது. அது வரிசை எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், மதிப்பு வேறு வரிசையில் போய் விழும். ஈஸ்எடிட்டிங் ஃபால்ஸ் ஆகும்வரை அப்டேட்டை நிறுத்திவையுங்கள். இந்த ஒன்றுக்கு அந்த லிசனர் உதவும், அது வரை ஒப்புக்கொள்கிறேன்.