குளக்கட்டில் கலங்கிய நீர் கசிகிறது, ஆலோசனை வேண்டும்

வணக்கம். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் காணிக்குள் அப்பா காலத்தில் கட்டிய சிறு குளம் ஒன்று இருக்கிறது. மண்கட்டு, பத்தடி உயரம் வரும். அதன் கீழே எங்கள் வயல் மட்டுமல்ல, ஆறு வீடுகளும் இருக்கின்றன. அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கட்டின் வெளிச்சரிவில், துருசுக் (வயலுக்கு நீர் திறக்கும் மதகு) குழாய்க்கு அருகே நீர் கசிகிறது. தெளிந்த நீரென்றால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். மூன்று நாட்களாகக் கலங்கி வருகிறது. உள்ளே மண் அரிபடுகிறது என்றுதானே பொருள்? 1986 இல் கந்தளாய்க் குளம் உடைந்ததை அம்மா இன்றும் சொல்லுவார்.

துருசைத் திறந்து நீர்மட்டத்தை மெல்ல இறக்குகிறேன். ஒரேயடியாக இறக்கினால் உட்சரிவு சரிந்துவிடக்கூடும். கீழ் வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன்.

கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் சரளையும் பரப்பி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிகட்டி அமைத்தவர்கள் இருக்கிறீர்களா? கட்டின்மேல் நிற்கும் பாலை மரத்தை வெட்டலாமா? வேர் உக்கினால் அதுவே நீர்வழி ஆகிவிடாதா? தனியார் குளத்தையும் கமநல சேவை நிலையத்தார் (விவசாயிகளுக்கான அரச அலுவலகத்தார்) வந்து பார்ப்பார்களா? நீர்ப்பாசனப் பொறியியலாளர் யாராவது இருந்தால் தயவுசெய்து உடனே எழுதுங்கள். கார்த்திகை மழை தொடங்கிவிட்டது.